பேனர் கடை தங்கராசுவின் நாலு வரி

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேனர் கடையில் தங்கராசுவுக்கு இருபது வருஷமாக ஒரே ரோதனை. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் போட்டோவை நீட்டி, கவிதை நாலு வரி போட்டுடுப்பா என்பார்கள், என்னமோ டீக்குச் சர்க்கரை போடச் சொல்கிற மாதிரி. சலித்துப்போய் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று என்று எழுதிக் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டான். பேரை மாற்றினால் தீர்ந்தது வேலை. ஊரில் செத்த ஆம்பளைகள் எல்லாம் தென்றலானார்கள், பொம்பளைகள் எல்லாம் குலவிளக்கானார்கள். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

கடைசியில் வினை அவன் வீட்டுக்கே வந்தது. அவன் பெண்டாட்டி மங்கை போய் நாளையோடு ஒரு வருஷம். ஊருக்கெல்லாம் எழுதறியே, எனக்கு நாலு வரி எழுதக் கூடாதா என்று இருந்தவரைக்கும் கேட்டாள். நாளைக்கு எழுதறேன் என்பான். இப்போது அவள் பேனருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அந்தக் குலவிளக்கைப் போட மனசு கூசியது. மச்சினன் விநாயகம் வேறு மணிக்கொரு தரம் போன் போட்டு, இருக்கிறத போட்டு அனுப்பு மாமா, என் போட்டோ பெருசா இருக்கட்டும் என்று உயிரை வாங்கினான்.

அந்த நேரம் பார்த்துச் சிங்கவரத்து மஞ்சு வந்து நின்றாள். புருஷன் செல்லப்பனுக்கு நாளன்னிக்குக் காரியம், சாமி மாடத்தில் மாட்ட எழுத்தோடு படம் வேண்டுமாம். தங்கராசு புருஷன் கவிதையைக் காட்டினான். எழுத்துக்கூட்டிப் படித்தவள், இது அவரில்லை என்றாள். தென்றலை எடுத்துவிட்டு மலையைப் போட்டான். மலையும் இல்லையாம். சிங்கத்தைப் போட்டான். பல்லிக்கே பயப்படுவாரே என்றாள். நடுவில் கரண்டு ரெண்டு தரம் போய்த் தொலைந்தது. எல்லாரும் இதைத்தான் போடறாங்க, உனக்கு மட்டும் இன்னாம்மா கேடு என்று கத்தியே விட்டான்.

அவள் அசரவில்லை.

"தெனம் வெளக்கு ஏத்தசொல்ல இத்தப் படிக்கப் போறேண்ணா. சாமி முன்னாடி நின்னு பொய் படிக்க முடியுமா?"

அப்படி இன்னாதான் செஞ்சாரு, சொல்லித் தொலை என்றான். கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கும்போது, இவள் கழற்றிப் போட்ட செருப்பு வெயிலில் காயாமல் நிழல் நகர நகர நகர்த்தி வைப்பார் என்றாள். சாமி மாடத்தில் எவனாவது செருப்பைப் போடுவானா என்று முனகிக்கொண்டே அப்படியே தட்டினான். மஞ்சு படித்தாள். ரெண்டாம் தரம் செருப்பைத் தாண்ட முடியாமல் விம்மி விம்மி அழுதாள். பதினாலு நாளாக அழுகையே வரவில்லை என்றும், இப்போதுதான் நெஞ்சுப் பாரம் இறங்கியது என்றும் சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டு படத்தை வாங்கிப் போனாள்.

தங்கராசு மங்கையின் பேனரைத் திறந்தான். விநாயகத்தின் போட்டோவைத் தூக்கிக் கடாசினான். அந்த இடத்தில் தட்டினான்:

நாலு வரி கேட்ட மங்கை.
நாளைக்குன்னு சொன்னேன்.
கேக்க நீ இல்லாத நாளைக்கு.

மூணு வரிதான் வந்தது. நாலாவதுக்குக் கண் தெரியவில்லை.