வெள்ளையா, நீலமா

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் மாஸ்டர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் பொருத்திய இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்தே ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர். அந்தப் பாதிப் பேர் ரோட்டில் எப்படிப் போகிறார்கள் என்பதை யாரும் அவரிடம் கேட்பதில்லை.

வீட்டில் இரண்டு பழைய கார்கள். பயிற்சிக்கு வெள்ளை, ஆயிரம் சிசி. குடும்பத்துக்கு நீலம், ஆயிரத்து முந்நூறு. மாட்டு டாக்டருக்குப் படித்த மகளுக்கு மலைமேல் வேலை கிடைத்திருந்தது. ஒரு காரோடு திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். மாஸ்டருக்கு அவளை அனுப்பவே மனசில்லை. அதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்பதால், எந்தக் கார் என்று ஒப்பிட உட்கார்ந்துவிட்டார்.

மைலேஜில் வெள்ளை லிட்டருக்குப் பதினெட்டு, நீலம் பதிமூன்று. மேட்டில் நீலம் மூன்றாவது கியரில் அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. வெள்ளை இரண்டாவதிலேயே மூச்சு வாங்கியது. மிச்சம் பிரேக். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோட்டைத் தொட்டதும் மகள் பிரேக் போட வேண்டும், பக்கத்தில் அவர். நீலம் பதினாலு அடி தள்ளி நின்றது. வெள்ளை ஒன்பதே அடி.

"நீலத்துக்கு பிரேக் சரியில்ல. வெள்ளையால மலை ஏற முடியாது. ரெண்டுமே தேறாது. பேசாம இங்கயே ஒரு வேலை பாரும்மா" என்றார். முகத்தில் அப்படியொரு வருத்தம், நல்லாவே நடித்தார்.

கோட்டருகே டேப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "வெள்ளையில பிரேக் போட்டது யாரு?"

"அவதான்."

"நானும் மிதிச்சேன், நீங்களும் மிதிச்சீங்கப்பா" என்றாள் மகள்.

"நான் எதுக்கு மிதிக்கப் போறேன்?"

"சரி, காலைத் தூக்கி சீட்டு மேல வச்சுக்குங்க" என்றாள் மனைவி.

அறுபதை நெருங்கும் மனிதர், முட்டி வலிக்க, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகள் ஓட்டினாள். கோடு வந்தது. அவர் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினார். கார் நின்றது. மனைவி அளந்தாள்.

"பதினாலு அடி. நீலமும் அதேதான். பிரேக் ரெண்டுக்கும் ஒண்ணு."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் சம்மணத்தைக் கலைக்கவில்லை.

"அப்ப நீலத்தை எடுத்துக்கறேன்ப்பா. மேட்டுல இழுக்கும்."

"நீலத்துல என் பக்கம் பிரேக் இல்லையேம்மா."

"நீங்களும் இருக்க மாட்டீங்களேப்பா."

"எனக்குப் பயமா இருக்கு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை.

"எனக்கும்தான்" என்றாள் மகள்.

மாஸ்டர் சட்டைப் பையைத் துழாவி நீலத்தின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.