உச்சிவெயிலில் ஃப்ளாஷ் அடித்தவர்

சகுந்தலா போய்விட்டார் என்ற சேதி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. போட்டோ கிளப்பின் இப்போதைய செயலாளர்தான் போன் செய்தார். "சார், நம்ம சகுந்தலா மேடம்…" என்று இழுத்ததுமே புரிந்துவிட்டது. சிறுநீரகம் பழுதாகி ஒன்றரை வருடமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தவர். போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன். அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. என்னைவிட ஏழு வயது இளையவருக்கு மாலை வாங்கப் போகிறோமே என்ற அலுப்பு.

கிளப்பில் உங்களில் பலருக்கு அவரைச் சிரித்த முகமாகவே தெரியும். தபாலாபீஸ் கவுன்டரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை தோளில் கேமரா பை. எனக்கு அவரோடு இருந்த பழக்கம் அவ்வளவு எளிதானது இல்லை. அதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

எண்பதுகளின் கடைசியில் நான்தான் செயலாளர். கோரிப்பாளையத்தில் ஒரு கடையின் மாடி அறையில் கூடுவோம். மாதப் போட்டிக்குச் சகுந்தலா ஒரு படம் கொடுத்திருந்தார். சாயம் தோய்த்த நூல் கொடிகளில் தொங்குகிறது, நல்ல வெயில். நூலுக்கு நடுவே நிற்கும் தொழிலாளியின் முகத்தில் மட்டும் நிழலே இல்லை, கண்ணின் ஓரம்கூடத் துல்லியமாகத் தெரிகிறது. வெயிலில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த படம். அப்போது எங்களில் யாருக்கும் அந்த வித்தை தெரியாது. எனக்கும் தெரியாது என்பதுதான் விஷயம். பதினைந்து பேர் இருந்த கூட்டத்தில், "இது இந்தம்மா எடுத்த படம் மாதிரி தெரியல. வீட்டுக்காரர் எடுத்துக் குடுத்திருப்பார்" என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு சகுந்தலா ஒரு ஃபிலிம் துண்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அதே தொழிலாளி, அதே நூல், ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொரு தோல்விகள். முகம் வெளுத்துப்போனது, இருண்டுபோனது, பாதி தெரிந்தது. பன்னிரண்டாவதுதான் அந்தப் படம். திருப்பிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆபீஸில் வேலை அதிகம் என்று காரணம் சொல்லி, இரண்டு மாதத்தில் கிளப்பை விட்டே நின்றுவிட்டேன்.

அப்புறம் ஒன்பது வருடம். மகள் கல்யாணம் முடிந்தது. ஆபீஸ் ஒரு சுமையாகிவிட்டது. ஞாயிறு வந்தால் படுத்தே கிடந்தேன். "இப்படிக் கெடக்குறதுக்கு அந்தக் கேமராவையாவது தூக்கிட்டுப் போங்களேன். பாக்க எனக்கே அயர்ச்சியா இருக்கு" என்றாள் மனைவி. லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தது. துடைக்கக் கொடுத்து வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிறு அந்த மாடிப்படிகளில் ஏறினேன்.

சகுந்தலாதான் அன்றைக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். திறந்தவெளியில் ஃப்ளாஷ் பயன்படுத்துவது எப்படி என்பது பாடம். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். பிறகு, "வாங்க சார், முன்னாடி வந்து உக்காருங்க. பின்னால கேக்காது" என்றார். அவ்வளவுதான். பழைய பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவருடைய பாடம் புத்தகப் பாடம் இல்லை. "வெயிலு மேலேருந்து அடிக்குது. கண்ணு ரெண்டும் குழியாத் தெரியும். அந்தக் குழிய ரொப்புறதுக்குத்தான் ஃப்ளாஷ். வெயிலோட போட்டி போடுறதுக்கு இல்ல" என்பார். முதலில் வானத்து வெளிச்சத்தை அளவெடுக்க வேண்டும், அப்புறம் முகத்துக்கு எத்தனை அடி என்று எட்டு வைத்துப் பார்க்க வேண்டும். ஃப்ளாஷின் முகத்தில் வெள்ளைக் கைக்குட்டையை ஒரு மடிப்புப் போர்த்தினால் வெளிச்சம் சாந்தமாகும். சார்ஜ் ஏறாமல் ஃப்ளாஷ் தூங்கினால், அது ஏறும்வரை மனிதர்களைப் பேச்சில் வைத்திருந்து காத்திருக்க வேண்டும். என் பழைய கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஃப்ளாஷ் போட்டா ஷட்டர் வேகத்துல அறுபதைத் தாண்டாதீங்க சார். தாண்டினா திரை முழுசாத் திறக்காது, பாதிப் படத்துக்குத்தான் வெளிச்சம் விழும்" என்றார். தலையாட்டினேன். ஒரு காலத்தில் செயலாளராக இருந்தவன் இல்லையா, குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு ஊருக்கு எட்டுப் பேராகப் போனோம். மதியம் பன்னிரண்டு மணி. அறுத்துப்போட்ட வயல் கண்ணைக் கூசவைத்தது. புளியமரத்து நிழலில் ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் வெயில் வயல், முன்னால் நிழல் முகங்கள். பாடத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. "கொஞ்சம் நில்லுங்கம்மா, ஒரு போட்டோ" என்று நிறுத்தினேன். அவள் பெயர் செல்வி, அவன் முருகேசன். பத்து நாளில் சவுதிக்குக் கிளம்புகிறான். மூவருமாகப் படமே எடுத்ததில்லை என்றார்கள். கட்டாயம் அனுப்புகிறேன் என்று முகவரி எழுதிக்கொண்டேன். ஐந்து படம் எடுத்தேன். வெயில் அதிகமாக இருக்கிறதே என்ற பயத்தில் வேகத்தை நூற்றிருபத்தைந்துக்குத் திருப்பியிருந்தேன்.

படம் கழுவி வந்தபோது ஐந்திலும் ஒரே கதை. முருகேசன் முகம் பளிச்சென்று இருந்தது. செல்வியும் குழந்தையும் நின்ற பாதி கரியாக இருந்தது. ஃபிலிம் கெட்டுப்போய்விட்டது என்று எழுதிப் போட்டுவிடலாம் என நினைத்தேன். கிளப்பில் சகுந்தலாவிடம் அதைச் சொன்னேன்.

"தபாலாபீஸ்ல வேலை பாக்குற நானே சொல்றேன் சார், லெட்டர் போடாதீங்க. நேர்ல போய்ச் சொல்லுங்க" என்றார்.

"அம்புட்டு தூரமா?"

"நம்ம படம் வேணும்னப்ப அம்புட்டு தூரம் போனோம்ல?"

அடுத்த ஞாயிறு அவரும் கூடவே பஸ் ஏறினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முருகேசன் கிளம்பி நான்கு நாள் ஆகியிருந்தது. செல்வி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். படத்தை நீட்டினேன். பார்த்தாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"தப்பு என்னோடதும்மா. கேமராவுல ஒண்ணைத் தப்பா வச்சுட்டேன்."

"நாங்களா கேட்டோம்? ரோட்டோட போன மனுசன நீங்கதான நிப்பாட்டுனீங்க? பெட்டியில வச்சுக் கொண்டுபோறேன்னு நெதமும் தபால்காரர எட்டிப் பாத்துக்கிட்டு நின்னாரு, கெளம்புற அன்னைக்கு வரைக்கும்." படத்தைக் கயிற்றுக்கட்டிலில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சகுந்தலா எனக்காகப் பரிந்து ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். வெகுநேரம் கழித்துச் செல்வி தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தாள். சகுந்தலா தன் பெயரும் முகவரியும் எழுதிய தபால் கார்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். "அவரு லீவுல வர்றப்ப இதுல தேதிய எழுதிப் போட்டுரும்மா. இவரு வருவாரு. வராட்டி நான் இழுத்துட்டு வாரேன்."

திரும்பும்போது பஸ்ஸில் முன்னும் பின்னுமாகத்தான் இடம் கிடைத்தது. விளாங்குடியில் கூட்டம் இறங்கிய பிறகு அவர் பக்கத்து இருக்கைக்குப் போனேன். "அன்னிக்கு அந்த நூல் படம்… நான் பேசினது அசிங்கம். தெரிஞ்சும் மன்னிப்புக் கேக்கல" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு வீட்டுக்குப் போயி அழுதேன். எங்க வீட்டுக்காரர் கேமராவத் தொட்டதுகூடக் கிடையாது, தெரியுமா? ரெண்டு வருசம் போட்டிக்கே படம் குடுக்கல." கேமரா பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "ஒம்போது வருசம் ரொம்ப லேட்டு. ஆனா வந்துட்டீங்கல்ல, விடுங்க அண்ணே."

அதுவரை சார். அன்றிலிருந்து அண்ணே.

கார்டு வருவதற்கு இரண்டரை வருடம் ஆனது. அதற்குள் எனக்கு மறந்தேபோயிருந்தது. சகுந்தலா தபாலாபீஸ் கவுன்டரிலிருந்தே போன் செய்தார்: "அண்ணே, முருகேசன் வந்தாச்சு. ஞாயித்துக்கிழமை பத்து மணி பஸ்." அப்போதே அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. வெயில் ஆகாது என்றேன். கேட்கவில்லை. அதே புளியமரம். குழந்தை ஃப்ராக் போட்ட பெண்ணாகிவிட்டிருந்தாள், அப்பனைத் தெரியாமல் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தாள். சகுந்தலா ஃப்ளாஷை வயரோடு தனியே எடுத்துக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "அறுபதுதான?" என்று கேட்டார். "அறுபதுதான்" என்றேன். செல்வி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் குழந்தையும் தலையை வெளியே நீட்டியது. அதுதான் படம். பிரதி போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். செல்வி அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "இப்ப நான் இருக்கேன்" என்றாள்.

கடைசி ஒன்றரை வருடத்தில் நான்கு முறைதான் அவரைப் போய்ப் பார்த்தேன். இன்னும் போயிருக்கலாம். ஆஸ்பத்திரி நாற்காலிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் சலித்திருந்தது, மறைக்க ஒன்றும் இல்லை. நான்காவது முறை, "கிளப்புக்கு ஒழுங்காப் போங்கண்ணே. வீட்டுல படுத்தா உடம்பு அதையே பழகிக்கும்" என்றார். அன்று அவருக்கு எழுந்து உட்காரவே முடியவில்லை.

செவ்வாயன்று சகுந்தலா வீட்டில் உறவுக்காரர்கள் எல்லோரும் தங்கள் சௌராஷ்ட்ர மொழியில் அழுதார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளப்பிலிருந்து வந்தவர்கள் ஓரமாக நின்றோம். மதியம் எல்லாம் முடிந்தது.

நண்பர்களே, ஃப்ளாஷ் வித்தையை உங்களில் பலரும் அவரிடம் கற்றீர்கள். இப்போது வரும் கேமராக்கள் அதைத் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன. என்னிடம் அவர் விட்டுச்சென்றது வேறு. தப்பு செய்த இடத்துக்கு நாமே நடந்துபோய் நிற்க வேண்டும் என்பது. அது எனக்கு இன்னும் சுலபமாக வருவதில்லை.

என் தம்பியோடு ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. அம்மாவின் கடைசி நாட்களில் அவன்மீது நான் வீசிய ஒரு சொல்தான் காரணம். புதன்கிழமை மாலை பஸ் பிடித்து அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். தம்பி மனைவிதான் திறந்தாள். திகைத்துப்போய், "அவுக வர இன்னும் நேரமாகுமே, மாமா" என்றாள்.

"ஆகட்டும்மா, இருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினேன்.