அத்தை கடைந்த வளையம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் காளைப் படத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் என்ன கேமரா என்றுதான் முதலில் கேட்பார்கள். எடுத்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. ஓசூரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். நான் நான்காம் வகுப்புப் படித்தபோது பெங்களூரிலிருந்து ஒரு புதுக் கேமரா வாங்கிவந்தார். பொத்தானைப் பாதி அமுக்கினால் லென்ஸ் தானே திரும்பி, எதிரே இருப்பதைத் தெளிவாக்கிக்கொள்ளும். கேமராவுக்குக் கண் வந்துவிட்டது என்று எங்கள் ஊர் மத்தூர்ப் பள்ளிக்கூடம் முழுக்க நான்தான் தண்டோரா போட்டேன்.

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. தானாகப் பார்க்கும் வித்தைக்காக, லென்ஸ் மாட்டும் வாயையே கம்பெனி மாற்றிவிட்டது. மாமா உயிராக வைத்திருந்த பழைய நீள லென்ஸ் அதில் சேரவேயில்லை. புதுக் கேமராவோடு வந்த குட்டி லென்சில், தடுப்புக்கு வெளியே நின்று எடுத்தால் காளை கையளவுதான் விழும். பழைய கேமராவையோ அவசரக்குடுக்கையாக யாருக்கோ கொடுத்திருந்தார். எங்கள் காளைக்கு வயதாகிவிட்டதால் அந்தத் தை மாத எருது விடும் விழாதான் அதற்குக் கடைசி ஓட்டம். அதைப் படமெடுத்துத் தரும்படி அப்பா கேட்டிருந்தார். மாமாவிடம் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே உதவி அதுதான்.

மாமாவின் மனைவி, என் அத்தை, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லேத்து ஓட்டினார். அந்தப் பிரிவிலேயே அவர் ஒருவர்தான் பெண். கேமராவின் வாயையும் லென்சின் பின்புறத்தையும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாள் சாப்பாட்டு இடைவேளையில் இரண்டையும் இணைக்க ஓர் அலுமினிய வளையம் கடைந்தார். வீட்டுக்குள் அதன் வழியாக என்னைப் பார்த்த மாமாவுக்கு என் இமைமயிர்கூடத் தெரிந்ததாம்.

விழாவன்று காலை, மாமா லென்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூரத்தில் நின்ற காளைகளெல்லாம் கலங்கலாகவே தெரிந்தன. ஊரே பார்க்க அத்தையிடம் எரிந்து விழுந்தார். அத்தைக்கு முகம் சுண்டிப்போனது, ஆனால் குரல் உயரவில்லை.

"வளையத்தோட தடிமன் இருக்குல்லங்க, லென்சு முன்னால தள்ளி நிக்குது. தூரத்துல தெரியாது. கிட்டக்க வரட்டும்."

சொல்லிவிட்டு ஓட்டப் பாதையில் இறங்கி, மாமாவைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தார். தெளிவு கலைகிறது என்று மாமா கைகாட்டிய இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டார். இருபதடிகூட இருக்காது. காளையின் முன்னங்கால் அந்தக் கோட்டைத் தொடும்போது அமுக்கச் சொன்னார்.

எங்கள் காளையை அவிழ்த்துவிட்டார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று கூச்சல் காதைக் கிழித்தது. மூங்கில் தடுப்புக்குப் பின்னால் மாமாவின் தோளை ஒட்டி நின்ற அத்தை, "இப்ப" என்றார். எடுத்தது ஒரே ஒரு படம்.

கழுவி வந்த படத்தில் காளையின் மூக்கில் ஒட்டிய மண்கூடத் தெரிந்தது. அப்பா அதைக் கையில் வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கேமரா தானாகவே பார்த்து எடுத்துவிட்டது என்று வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை அவரைக் கண்ணாலேயே அடக்கிவிட்டுச் சிரித்தார்.

"ஆமா கண்ணு, அதுவாத்தான் பாத்துச்சு."

கேமராவும் லென்சும் பேசிக்கொள்ள அந்த வளையத்தில் ஒரு கம்பிகூடக் கிடையாது, அதை மாட்டிய கணமே கேமராவின் கண் அவிந்துவிட்டது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. இப்போது யாராவது படத்தைப் பார்த்து என்ன கேமரா என்று கேட்டால், எங்கள் அத்தை என்கிறேன்.