கறை டாக்டரின் கிட்னி

அந்த லாட்ஜின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் கறை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டப்பெயரை வைத்தவர் இஸ்திரி போடுகிறவர். தினமும் காலையில் தொண்ணூறு அறைகளின் படுக்கை விரிப்புகள் கீழே வந்து குவியும். அவள் ஒவ்வொன்றாக உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மூக்கருகே கொண்டுபோய், இது தலைச்சாயம், இது காபி, இது குழந்தை செய்த வேலை என்று பிரித்துப் போடுவாள். ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை துணியை விடாது. இருபத்தோரு வருஷமாக ஊரார் அழுக்கில் கைவைத்தவளுக்கு எதைக் கண்டும் குமட்டியது கிடையாது. சாப்பாட்டு மணி அடித்தால் கையைக் கழுவிவிட்டு வந்து வயிறாரச் சாப்பிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு மாதமாகத் தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. காரணம், அண்ணன்.

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணி சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். கதவுப்பிடி, பேனா, போன், வாடிக்கையாளர் தொட்ட மேஜை விளிம்பு, எதையும் விடமாட்டார். தங்கை சலவைக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை. அவள் அண்ணன் வீட்டுக்குப் போனால் பிளாஸ்டிக் நாற்காலிதான், சோபா கிடையாது. ஒருமுறை விடைபெற்றுக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே வாளி நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அண்ணி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள் பஸ் ஏறாமல் வீடு வரை நடந்தே போனாள்.

போன வருஷம் அண்ணனின் இரண்டு கிட்னியும் கையை விரித்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீர்கூட அளவுதான், ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். இறந்தவர்களின் கிட்னிக்காகக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்திருந்தார்கள். அதற்கு வருஷக்கணக்கில் ஆகலாம், வந்தாலும் யாருடையது என்று சொல்லமாட்டார்கள். யாரோ எவரோ, எப்படி வாழ்ந்தவனோ என்று அண்ணன் முகம் சுளித்தார். அண்ணிக்குச் சர்க்கரை. மகன் இப்போதுதான் தலையெடுக்கிறான், அவனைத் தொடவே கூடாது என்று அண்ணி கறாராகச் சொல்லிவிட்டாள். மிச்சம் யார்? கறை டாக்டர்.

அன்றிலிருந்து சோபா கிடைத்தது. கூடை கூடையாக ஆப்பிள் வந்தது. இருபது வருஷமாக இவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்காத அண்ணி, 'கண்ணு' என்று ஆரம்பித்துத் தினமும் காலையில் போன் போட்டாள். தூங்கினாயா, சாப்பிட்டாயா, யூரின் நன்றாகப் போகிறதா என்று விசாரிப்பாள். கடைசிக் கேள்வியில் மட்டும்தான் குரலில் நிஜமான கவலை இருக்கும். தங்களுக்குச் சேரவேண்டிய பொருளை அடுத்தவர் வீட்டில் வைத்திருப்பவர்கள் இப்படித்தான் விசாரிப்பார்கள். அந்தக் 'கண்ணு'வைக் கேட்ட பிறகு அவள் தட்டில் போட்டது அப்படியே கிடக்கும். ஆப்பிள்களைத் தொடப் பிடிக்காமல் அப்படியே வைத்திருந்து, அழுகிய பிறகு குப்பையில் கொட்டினாள்.

வேறு ஊரில் இருக்கும் தன் மகளிடம் கேட்டாள். உன் உடம்பு, உன் இஷ்டம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

பரிசோதனைகள் எல்லாம் முடிந்தன. பொருத்தம் பிரமாதம் என்றார் ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர். மூவரையும் உட்கார வைத்து எதை எங்கே வெட்டி எங்கே தைப்பார்கள் என்று படம் போட்டு விளக்கினார். சந்தேகம் ஏதாவது உண்டா என்று கேட்டபோது அண்ணி நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"வைக்கறதுக்கு முன்னாடி அதை நல்லா கழுவிடுவீங்கல்ல டாக்டர்? இவ வேலை பாக்கற எடம் அப்படி."

டாக்டர் படம் போட்ட பேனாவை மூடி வைத்தார். பிறகு, எடுத்த கிட்னியில் இருக்கும் ரத்தம் போகிறவரை குளிர்ந்த திரவத்தை உள்ளே செலுத்தி அலசுவது வழக்கம்தான், அதற்கும் வேலை பார்க்கிற இடத்துக்கும் சம்பந்தமில்லை என்றார்.

"எத்தனை தடவை?" என்று கேட்டார் அண்ணன்.

ரத்தத்துக்குக் குளிர்ந்ததுதான், முறை சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. தன் வயிற்றுக்குள் இருப்பதையும் ஒரு விரிப்பு மாதிரி மனம் பிரித்துப் போடுகிறதே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அங்கேயே எழுந்து போயிருக்கலாம். போகவிடாமல் ஒன்று இழுத்தது. அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது கடுங்காய்ச்சல். பதினாலு வயது அண்ணன் கொட்டுகிற மழையில் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினார். வழியில் அவர் கழுத்தெல்லாம் வாந்தியெடுத்தாள். அவர் நிற்கவில்லை, துடைக்கவில்லை. பரவாயில்லை, இறுக்கிப் பிடித்துக்கொள் என்று மட்டும் சொன்னார். அந்தப் பையன் இந்த மனுஷனுக்குள் எங்காவது ஒரு மூலையில் இருந்தால் அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

கடைசியாக ஒரு படி பாக்கி. கிட்னி கொடுப்பவரை ஆலோசகர் தனியாக அழைத்து, மனப்பூர்வமான சம்மதமா என்று கேட்பார். அதற்கு முந்தின நாள் அவள் அண்ணனுக்குப் போன் போட்டு, சாயங்காலம் தன் வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்படி கூப்பிட்டாள்.

வீட்டைப் பெருக்கினாள். எவர்சில்வர் டம்ளரைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். மூன்றாவது தடவை தேய்க்கும்போதுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. த்தூ என்று தொட்டியில் துப்பினாள். துப்பிய இடத்தையும் கழுவினாள்.

அண்ணன் இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்க வந்தார். உதடு வெடித்திருந்தது. "இன்னைக்குப் பங்குல ஒரு டம்ளர இங்க குடிக்கணும்னே மிச்சம் வச்சேன்மா. மத்தியானத்துலேருந்து நாக்கு வறண்டு கெடக்கு" என்றார். அவளுக்கு மனசு இளகிவிட்டது. தருகிறேன் அண்ணே என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. தண்ணீரை நீட்டினாள்.

அவர் வாங்கினார். இன்னொரு கை சட்டைப்பைக்குப் போனது. மஞ்சள் துணி வெளியே வந்தது. டம்ளர் விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்தார். பிறகு கடைசிச் சொட்டு வரை குடித்தார், துணியை மடித்து வைத்தார், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றார். துடைத்தது அவருக்கே தெரியவில்லை. தெரிந்து செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மறுநாள் ஆலோசகர் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசினாள். சின்ன வயசு, பொறுமையான பெண். விருப்பம் இல்லை என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை, மருத்துவ ரீதியாகச் சரிப்படவில்லை என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லிவிடுவோம், உங்களை யாரும் குறை சொல்ல முடியாது என்றாள். இதைக் கேட்டதும் அழுது கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் உண்டாம்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அண்ணி பேசப்போவதுதான் காதில் விழுந்தது: நான் அப்பவே நெனச்சேன், அந்த அழுக்குல கெடந்தா கிட்னி மட்டும் எப்படி உருப்படியா இருக்கும்?

"என் கிட்னி நல்லா இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

"அப்ப அதுமேல பழி போடாதீங்க. நல்லாதான் இருக்கு, அவதான் தரமாட்டேங்கறான்னு சொல்லுங்க."

அப்படிச் சொல்லும் வழக்கம் தங்களுக்கு இல்லை, சொல்ல வேண்டுமென்றால் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள் ஆலோசகர்.

அவள் வெளியே வந்தாள். நடைபாதையில் அண்ணனும் அண்ணியும் எழுந்து நின்றார்கள்.

"எல்லாம் பொருந்துதாம்ண்ணே. கிட்னி நல்லா இருக்காம். நான்தான் தரல."

இத்தனை நாள் கண்ணு என்று கொஞ்சிய வாய், நன்றி கெட்டவளே என்று ஆரம்பித்தது. டயாலிசிஸ் இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறது, அதற்காகக் காத்திருங்கள் என்று அவள் சொன்னாள். அண்ணன் அண்ணியைக் கையமர்த்தினார்.

"ஏன்மா?"

"நேத்து அந்த டம்ளர மூணு தடவ கழுவி வச்சேண்ணே. அப்பவும் நீ தொடச்ச. அதைவிடச் சுத்தமா உனக்கு எதையும் தர என்னால ஆகாது."

அண்ணனின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போய், பாதியில் நின்றது. அவள் அதற்குமேல் பார்க்கவில்லை.

பத்து மணிக்கே சலவைக்கூடத்துக்குப் போய்விட்டாள். விரிப்புகள் குவிந்து கிடந்தன. ஒன்றில் ரத்தம் இருந்தது, பச்சைத் தண்ணீரில் போட்டாள். சாப்பாட்டு மணி அடித்ததும் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு பசித்தது. பாதியில் அழுகை வந்தது. அழுதுகொண்டே மீதியையும் சாப்பிட்டு முடித்தாள்.