மேட்ச் பார்க்கக் கார்டு தேய்த்தவர்கள்

முந்நூறு பேரில் சந்தனமாரியின் கார்டுக்கு மட்டும்தான் கேட் திறக்காது. கழிப்பறைக்குப் போகக்கூட டோக்கன் வாங்க வேண்டுமா, சங்கம் வைப்போம் என்று வேலை செய்யும் லைனிலேயே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியவள் அவள். ஒரகடத்து வயர் கம்பெனி உடனே சஸ்பெண்ட் செய்தது. அவளைத் திரும்ப எடுக்கும்வரை வேலை செய்யமாட்டோம் என்று மற்றவர்கள் ஒன்பது நாளாக ரோட்டோரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

சங்கரன்கோவில்காரி, வாயாடி. பன்னிரண்டு முடித்த கையோடு பஸ் ஏறியவள். சூப்பர்வைசர் முறைத்தால் திருப்பி முறைப்பாள்.

அந்த ஒன்பது நாளும் ஒரு டிவிக்காரனும் எட்டிப் பார்க்கவில்லை. பத்தாம் நாள், 2011 உலகக் கோப்பை அரையிறுதி. இந்தியாவும் பாகிஸ்தானும். கம்பெனி கேன்டீனில் சுவர் அகலத்துக்குத் திரை கட்டியது. கார்டு தேய்த்து வந்து பாருங்கள், பிரியாணி உண்டு என்று மைக்கில் கூப்பிட்டது.

"தேய்க்காதீங்கடி! தேய்ச்சா வேலைக்கு வந்ததா ஆயிரும்!" என்று கத்தினாள் சந்தனமாரி.

"இந்தியா வெளையாடுதுக்கா! முடிஞ்சதும் வந்து உக்காந்துருதோம்" என்றாள் சுகப்பிரியா. சந்தனமாரியோடு ஒரே அறையில் ஒரே பாயில் படுப்பவள். அவளும் போனாள். அவள் பின்னால் வரிசையே போனது. வாசலில் ஆளுக்கொரு தேசியக் கொடி கொடுத்தார்கள், படுபாவிகள். அப்போதுதான் கேமரா வண்டி வந்து நின்றது.

சாயங்காலம் பரசுராமன் டீக்கடையில் ஐம்பது பேர் டிவி முன்னால் நின்றார்கள். மேட்ச் இடைவேளையில் யாரோ செய்திக்கு மாற்றினார்கள். திரையில் கொடியை ஆட்டிக்கொண்டு சுகப்பிரியா சிரித்தாள். நாட்டின் வளர்ச்சியைத் தடுத்த போராட்டம் முடிந்தது, தொழிலாளர்கள் உற்சாகமாகப் பணிக்குத் திரும்பினர் என்றது குரல்.

சந்தனமாரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் டிவியை மறித்து நின்றாள்.

"பொய்யி! அவ்வோ வேலைக்குப் போவல, மேட்ச் பாக்கத்தான் போனாவ! நான் இன்னும் வெளியதான் நிக்கேன். என்னையப் பாருங்க!"

ஐம்பது பேரும் அவள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரசுராமன் ரிமோட்டை நீட்டிப் பழைய சேனலுக்கு மாற்றினான். "இன்னாம்மா நீ, மேட்ச் ஸ்டார்ட் ஆயிடுச்சி" என்றான். "கொஞ்சம் நவுந்து நில்லு, மறைக்குது."