ஜீப்பில் போன கடிதங்கள்

எழுபதுகளின் நடுவில், கல்யாணமான மூன்றாம் மாதம். நான் சூரியநெல்லியில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தேன். கணவருக்கு மூணாறுப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்களில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்ற கர்வம் வேறு. ஒருநாள் உட்கார்ந்து எழுதினேன்: “படுத்தால் உங்கள் ஞாபகம். உங்கள் தோளில் முகம் வைத்துப் பன்னிரண்டு நாளாகிறது. லீவு சொல்லிவிட்டு வாருங்கள்.” அதற்குப் பிறகும் ஒரு பக்கம் எழுதினேன். அது இங்கே வேண்டாம்.

தொழிற்சாலைக்குப் போய்வரும் தோட்டத்து ஜீப்பின் டிரைவரிடம் கொடுத்தனுப்பிய பிறகுதான், கணவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

அவர் அதைத் தொழிற்சாலைப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து, டீ குடிக்கும் நேரத்தில் எல்லார் முன்னாலும் பெரியவர் உரக்க வாசித்திருக்கிறார். தோள் வந்ததும் இருமினாராம். மடித்துக் கொடுத்துவிட்டாராம்.

மறுநாளே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காதான் அதிகமாகக் கொதித்தாள்.

“ஏட்டி, ஒரு பொம்பள இப்பிடியா எழுதுவா?”

“எம் புருஷனுக்குத்தானக்கா எழுதுனேன்.”

“அதுக்காக? மனசுக்குள்ள வச்சுக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான!”

மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை கணவர் வந்தார். திட்டு விழும் என்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தை நீட்டினார்.

“ஏ புள்ள, அந்தாளு பாதியில நிறுத்திட்டாரு. மிச்சத்த வாசி.”

எழுதும்போது இருந்த வீரம் வாசிக்கும்போது எங்கே போனதோ! எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரித் திக்கித் திக்கி வாசித்தேன்.

ஒரு மாதம் கழித்து அதே அக்கா வந்தாள். அவள் கணவரும் அதே தொழிற்சாலைதான், வாசிக்கத் தெரிந்தவர்.

“எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுட்டி. பேரு மட்டும் போடாத.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கொடுத்தனுப்பவும் அவளுக்கு வெட்கம். நானே டிரைவரிடம் கொடுத்தேன். யாருக்கு என்று சொல்ல மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை, என் புகழ் அப்படி.

புதன்கிழமை மத்தியானம், லீவு போட்டுவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றார் என் கணவர். இந்த முறை கடிதத்தை யாரிடமும் காட்டவில்லையாம்.

“வாசி” என்றார்.

இது உங்களுக்கு வந்ததில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். உள்ளதைச் சொன்னால், என்னுடையதைவிட அக்காவின் கடிதம் நன்றாக இருந்தது.

தன் கடிதம் போன இடம் தெரிந்த பிறகு ஒரு மாதம் அக்கா என் பக்கத்தில் நின்று கொழுந்து கிள்ளவில்லை.