தானாகப் பிரேக் போட்ட கார்

ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். சரக்கு எடுக்கத் தூத்துக்குடிக்குப் புதுக் காரை நான்தான் ஓட்டிப் போவேன். எதிரே ஏதாவது குறுக்கிட்டால் தானாகவே பிரேக் போடும் வசதி அதில் உண்டு.

ஒருநாள் துறைமுகச் சாலை வளைவில், முன்னால் எதுவுமே இல்லாதபோது கார் சடாரென்று நின்றது. பின்னால் வந்த உப்பு லாரி மயிரிழையில் ஒதுங்கிப் போனது.

"ஏளா, எதுக்கு இப்படிப் பிரேக் போடுத?" என்று பக்கத்து சீட்டில் இருந்த என் கணவர் கத்தினார்.

"நான் மிதிக்கவே இல்லங்க" என்றேன். இனி இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்றுவிட்டார் அவர்.

கார் வாங்கிய ஷோரூமில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, குறை எதுவும் காட்டவில்லை என்றார்கள். நான் விடவில்லை. "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் கிடக்கட்டும். நீங்களே வந்து ஓட்டிப் பாருங்க" என்று சர்வீஸ் மேனேஜரிடம் பிடிவாதமாக நின்றேன்.

அரைமனதோடு வந்தார். பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, அதே வளைவில் மெதுவாகத் திருப்பினார். கார் சடக்கென்று நின்றது.

"யம்மா! நீங்க சொன்னது நெசந்தான்" என்றார், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி.

வளைவில் திரும்பும்போது, ஓரமாக நிறுத்தியிருக்கும் லாரிகளை நடுவழியில் நிற்பதாகக் கார் நினைத்துக்கொள்கிறதாம். வாரண்டியிலேயே புது சாஃப்ட்வேர் ஏற்றி, அந்த வளைவில் அவரே ஓட்டிக் காட்டிய பிறகுதான் சாவியை வாங்கினேன்.

இப்போதெல்லாம் கோளாறை வாயால் சொல்லிவிட்டு வருவதில்லை. சர்வீஸ்காரர்களையே வண்டியில் ஏற்றிக் காட்டிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணம். அதே காரில்தான் போனோம். போகும்போதும் வரும்போதும் என் கணவர் பக்கத்து சீட்டில் குறட்டை விட்டுத் தூங்கினார்.